பெயர் சுட்டா மாந்தர்: டி.எஸ். சத்யனின் கறுப்பு வெள்ளை நிழற்படங்களும் நினைவுரையும்

பெங்களூருவில் கஸ்தூரிபா சாலையில் கலைக்கும் நிழற்படத்திற்குமென ஓர் அருங்காட்சியகம் 2023 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. அதன் தொகுப்பில் டி.எஸ். சத்யன் (1923–2009) எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இடம்பெற்றுள்ளன. பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தையுடன் தாய்மார், உழைப்போர், முதியோர் எனப் பொதுமக்களே அவர் படங்களில் மிகுதி. படத்தை எடுத்தவர் பெயர் தெரிகிறது. எடுத்த இடமும் காலமும் பெரும்பாலும் தெரிகின்றன. எடுக்கப்பெற்றவர் பெயர் மட்டும் பல படங்களில் இல்லை. இப்பெயரின்மையை எவ்வாறு கொள்வது? கலையின் இயல்பாகவா, கவனக்குறைவாகவா? அகப்பொருள் மரபில் பயின்றவர்களுக்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. மாந்தரின் பெயரைச் சுட்டுவதா, விடுவதா என்பதை ஓர் இலக்கணச் சிக்கலாகவே தொல்காப்பியம் முதலாகத் தமிழ் மரபு எண்ணிப் பார்த்துள்ளது. அம்மரபின் துணைகொண்டு சத்யனின் படங்களையும், அவற்றைச் சார்ந்து அவர் எழுதிய நினைவுரையையும் நோக்குவது இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண் சொல் பற்றி ஒரு குறிப்பு. ஒளியால் எழுதுதல் என்னும் பொருள்படக் கிரேக்க மொழி வேர்களிலிருந்து மேலைநாட்டார் இக்கலைக்குப் பெயர் அமைத்தனர். தமிழில் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று வழக்குகள் நிலவுகின்றன. பேச்சில் முதற்சொல்லே வலிமையுடையது; ஆய்வெழுத்தில் மூன்றாவது செல்வாக்குப் பெற்று வருகிறது. கன்னடத்தார் இதனைச் ‘சாயா சித்திரம்’ என்பர். சாயை என்பது நிழல். அச்சொல்லுக்கு இணையான நிழற்படம் என்பதே இங்கு ஆளப்படுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் பொருள் நிற்பது ஒளியால் மட்டுமன்று. ஒளி படாத இடத்தாலும் ஆகும் என்பதை இச்சொல் நினைவூட்டுகிறது.

சத்யன் மைசூரில் பிறந்தவர். 1948-இல் பெங்களூரில் டெக்கான் ஹெரால்டு நாளிதழ் தொடங்கப்பெற்றபோது அதன் நிழற்படக்காரரானார். பின்னர்ப் பம்பாயின் இல்லஸ்டிரேட்டட் வீக்லி இதழில் பணியாற்றினார். அதன்பின் எந்த அலுவலகத்தையும் சாராது இந்திய, வெளிநாட்டு இதழ்களுக்குப் படம் அளித்தார். உலக நலவாழ்வு அமைப்பிற்காகவும் யுனிசெஃபிற்காகவும் நாடெங்கும் அலைந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1979 அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாடப்பெற்றபோது, அவர் எடுத்த இந்தியக் குழந்தைகளின் படங்கள் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. எச்.ஒய். சாரதா பிரசாத் எழுத, சத்யன் படம் எடுக்க, கர்நாடகத்தைப் பற்றிய நூல் ஒன்று 1981-இல் வெளிவந்தது. தம் வாழ்வைத் தாமே கூறும் ‘அலைவ் அண்ட் கிளிக்கிங்’ என்னும் ஆங்கில நூலை 2005-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

அன்றாட வாழ்வு நிழற்படத்திற்குப் பொருளானது இயல்பாக நிகழ்ந்ததன்று. பெங்களூர்ப் படைத்தளத்தில் இருந்த லின்னேயஸ் டிரைப் 1854 இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தார். அவர் படங்களில் கல் பேசும். மனிதர் அரிதாகவே தோன்றுவர். அசையாதிருப்பதையே நன்கு பதிக்கவல்ல கருவிக்கு அன்று கோயில் உகந்த பொருளாயிற்று. அடுத்து வந்த படப்பிடிப்பு நிலையங்களில் மனிதர் வந்து நின்றனர். ஆனால் அன்றாட மனிதராக நிற்கவில்லை. பட்டுடுத்தி, நகை பூட்டி, எழுதிய திரைச்சீலைக்கு முன் முக்காலியில் கைவைத்து நின்றனர். தமிழகத்து நிலையங்களின் பழம்படங்களைத் தேடித் தொகுத்த புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முயற்சி இவ்வகைப் படங்களின் பரப்பைக் காட்டியுள்ளது. இப்படங்களில் இருப்பது ஒருவர் தம்மை எவ்வாறு காட்ட விரும்பினார் என்பது. அடுப்படியும் திண்ணையும் குழாயடியும் அவற்றில் இல்லை. அவற்றைப் படமெடுக்கத் தக்கவை என எவரும் எண்ணவுமில்லை. செய்தித்தாள் நிழற்படக்காரர் கையில் சிறிய கருவியும் விரைவுச் சுருளும் வந்தபின்பே தெரு படத்துள் நுழைந்தது.

சத்யனின் தலைமுறையைச் சேர்ந்தவர் பலர் ரோலிஃப்ளெக்ஸ் போன்ற இரட்டை வில்லைக் கருவிகளைக் கையாண்டனர். இக்கருவியைக் கண்ணருகே தூக்கிப் பிடிப்பதில்லை. வயிற்றளவில் தாங்கி, தலை குனிந்து, மேற்பக்கத்துக் கண்ணாடியில் தெரியும் உருவை நோக்க வேண்டும். எதிரே நிற்பவருக்குத் தெரிவது தம்மைக் குறிபார்க்கும் கண்ணன்று, குனிந்த தலை. மேலும், வயிற்றளவில் தாங்கிய வில்லை ஒரு குழந்தையின் கண்மட்டத்திற்கு ஏறத்தாழ வந்துவிடுகிறது. சத்யனின் குழந்தைப் படங்கள் பலவற்றில் பார்ப்பவர் குழந்தையைக் குனிந்து நோக்குவதில்லை, எதிரெதிராக நோக்குகிறார். ‘கனிவு’ என்று அவரைப் பாராட்டுவோர் கூறும் பண்பிற்கு மனநிலை மட்டும் காரணமன்று. வில்லை நின்ற உயரமும் காரணம். கலைஞரின் உள்ளத்தைப் போற்றும் ஆர்வத்தில் இத்தகைய கைவினைக் கூறுகளை மறப்பது நிழற்படத் திறனாய்வில் அடிக்கடி நேர்வதாகும்.

கறுப்பு வெள்ளை என்பதும் அன்று ஒரு தேர்வன்று, நிலைமை. நாளிதழ் கறுப்பு மையில் அச்சாயிற்று. வண்ணச் சுருள் விலைமிக்கது, கிடைப்பதற்கும் அரியது. தொடக்கக்கால மருந்துப் பூச்சுகள் சிவப்பை உணராதவை. அவற்றில் நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகவே விழுந்தது. பின்வந்த சுருள்கள் எல்லா நிறங்களையும் உணர்ந்தன. எனினும் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக நிற்கும் இடங்கள் உண்டு. இந்தியக் கண்ணுக்கு வண்ணமே இயல்பு என்றும், கறுப்பு வெள்ளை மேலைநாட்டு மனநிலையைச் சார்ந்தது என்றும் ரகுபீர் சிங் (1942–1999) வாதிட்டார். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் சத்யன் போன்றோர்க்கு அது பொருந்தாது. அவர்கள் வண்ணத்தைத் துறந்தவர் அல்லர். வண்ணம் அவர்களுக்குக் கிட்டவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். 1950-இல் காலைத் தாளில் அப்படத்தைக் கண்டவருக்கு அது ‘பழைய’ படமன்று. அது நேற்றையச் செய்தி. ஊரும் நாளும் நிகழ்வும் கீழே அச்சாகியிருந்தன. இன்று அதே படம் தாளினின்று பிரிந்து சுவரில் தொங்கும்போது, அதன் சாம்பல் நிறமே ஏக்கத்தை எழுப்புகிறது. அவ்வேக்கம் படத்தில் எடுக்கப்பட்டதன்று, காலம் பூசியது. அன்றைய நாளை வாழ்ந்தவர்க்கு அந்நாள் வெயிலும் புழுதியும் கடனும் நிறைந்த ஒரு நாளாக இருந்திருக்கும். செய்தியாகப் பிறந்த படம் நினைவாக மாறும் இம்மாற்றத்தைத் தமிழ் மரபின் சொல்லால் கூறினால், புறம் அகமாகிறது.

அகம், புறம் என்னும் பாகுபாட்டில் பெயர் சுட்டுதல் ஓர் எல்லைக் கோடு. அன்பின் ஐந்திணையில் வரும் தலைமக்களின் இயற்பெயரைக் கூறலாகாது என அகத்திணையியல் விதிக்கிறது. புறத்திற்கு அவ்விலக்கு இல்லை. அங்குப் பாடியவர், பாடப்பெற்றவர், போர்க்களம் யாவும் பெயரோடு வரும். அகத்தில் பெயரை நீக்குவது மாந்தரைச் சிறுமைப்படுத்துவதற்கன்று. ஒருவருடைய உணர்வு எல்லோர்க்கும் உரியதாக வேண்டும் என்பதற்கேயாம். இவ்விலக்கு எத்துணை நுட்பமாகக் கொள்ளப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. தலைவியின் பிரிவுத்துயர் பேசும் அப்பாட்டு அகமெனவே தோன்றும். ஆயினும் பாசறையில் அரசன் முன் ஏந்திச் செல்லும் வேலில் வேம்பு சூட்டப்பெற்றிருப்பது பாண்டியனைச் சுட்டும் அடையாளம் ஆதலால் அது புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. ஒரு தழை போதும்.

நிழற்படத்திலும் இத்தகைய ‘வேம்பு’ உண்டு. ஒரு தாய் மகவை ஏந்தி நிற்கும் படம் எவ்வூர்த் தாய்க்கும் பொருந்தும். அவள் பின்னே ஒரு கடைப் பெயர்ப்பலகை, ஒரு தேர்தல் சுவரெழுத்து, ஒரு பேருந்தின் எண் தெரிந்துவிட்டால், அவள் ஓர் ஊரில், ஓர் ஆண்டில் நிற்கிறாள். நிழற்படக்காரர் இவற்றைச் சட்டத்துக்கு வெளியே தள்ளலாம், உள்ளே விடலாம். தள்ளினால் அகம், விட்டால் புறம். யுனிசெஃப் போன்ற அமைப்புகளுக்காக எடுத்த படங்கள் எந்நாட்டவரும் காணுதற்குரியவை. எனவே அவற்றில் பொதுமை நோக்கிய சாய்வு மிகுதி. நாளிதழுக்காக எடுத்தவற்றிலோ இடக்குறிகள் மிகுதி. சத்யனின் படைப்பு முழுவதையும் ஒரே தன்மையதாகக் கருதிக் ‘குழந்தைகளின் கலைஞர்’ என முத்திரையிடுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

படத்தோடு வரும் சொல் இவ்விடத்தில்தான் முதன்மை பெறுகிறது. சங்கப் பாட்டுகளின் அடிக்குறிப்புகள் பாடியவர் எழுதியவை அல்ல. தொகுத்தோர் பின்னர்ச் சேர்த்தவை என்பர். அவை இன்றேல் புறநானூற்றுப் பாட்டுகள் பலவற்றை யார் பொருட்டுப் பாடியவை என அறிதல் இயலாது. உ.வே. சாமிநாதையர் 1894-இல் அந்நூலைப் பதிப்பித்தபோது அக்குறிப்புகளையும் பேணி அளித்தமையின் பயனை ஆய்வாளர் அறிவர். நிழற்படத்தின் கீழ் வரும் படக்குறிப்பும் இத்தகைய அடிக்குறிப்பே. சத்யனிடத்தில் காணும் சிறப்பு, பாடியவரே அடிக்குறிப்பையும் எழுதினார் என்பது. இதழ்க் கட்டுரைகளிலும் 2005-ஆம் ஆண்டு நூலிலும் அவர் தம் தொழிலின் சூழலையும், சந்தித்த மனிதரையும், பழகிய ஊர்களையும் எடுத்துரைத்தார். கவிஞரே தம் கவிக்கு உரையாசிரியராவதால் விளையும் நன்மையும் இடரும் இங்கு ஒருங்கே உள.

நன்மை வெளிப்படை. படம் ஒரு நொடியின் சிறு பின்னத்தையே காட்டும். அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்ததைச் சொல்லே தரவல்லது. அறியாதவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசி இசைவு பெற்றதும், காத்திருந்ததும், தவறவிட்டதும் படத்தில் பதியமாட்டா. மைசூர், பெங்களூர் ஆகிய நகரங்களின் அரை நூற்றாண்டுக்கு முந்தைய நடையை, அவசரமின்மையை, ஒருவரையொருவர் அறிந்திருந்த தெருக்களைச் சத்யனின் உரைநடை எளிமையாகத் தருகிறது. அவர் எழுத்தில் செருக்கு இல்லை. தம்மைத் தாமே எள்ளிக்கொள்ளும் மென்னகை உண்டு. ஆர்.கே. நாராயணனின் மைசூரை விரும்பிப் படித்தவர்க்கு இந்நடை அயலாகத் தோன்றாது. நாராயணனும் அவர் தம்பி ஆர்.கே. லட்சுமணும் சத்யனின் நண்பர் வட்டத்தினர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இடர் சற்று மறைவானது. நினைவுரையில் பெயரோடு வருபவர் பெரும்பாலும் பெயர் பெற்றவரே. விசுவேசுவரய்யா, சி.வி. இராமன், நாராயணன் ஆகியோரைப் பற்றிய நிகழ்ச்சிகள் சுவையாகச் சொல்லப்பெறுகின்றன. வாசகர் விரும்புவதும் அவற்றையே. இதனால் ஒரு விந்தையான பங்கீடு நேர்கிறது: படத்தில் எளியோர் மிகுதி, சொல்லில் பெரியோர் மிகுதி. எளியவர் பார்க்கப்படுகின்றனர்; பெரியவர் நினைக்கப்படுகின்றனர். நிழற்படக்காரரின் வாழ்க்கைக் கதையில் பள்ளிப்பிள்ளை ஒரு காட்சி. அறிவியலறிஞர் ஒரு மனிதர். இது சத்யன் ஒருவரின் குறையன்று. நிழற்படக்காரர் எழுதும் தன்வரலாறுகள் பலவற்றின் அமைப்பே இத்தகையது. ஆயினும் எளிய மக்களின் அன்றாட வாழ்வைப் போற்றிய கலைஞர் என அவரைப் புகழும்போது இதனைக் கூறாது விடுதல் நேர்மையாகாது.

அகத்தின் பெயரின்மை விதியின்பாற்பட்டது; எல்லாத் தலைமக்கட்கும் ஒப்ப அமைந்தது. அரசனே ஆயினும் அகத்தில் அவனுக்குப் பெயரில்லை. நிழற்படத்தின் பெயரின்மை அவ்வாறன்று. அது ஒருசாரார்க்கு மட்டும் உரியது. எனவே சத்யனின் படங்களை ‘அகத்தன்மையுடையவை’ எனக் கூறி அமைவது போதாது. அகத்தை ஒத்தது தோற்றமே, காரணம் வேறு.

அமெரிக்க நாட்டின் இரு எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவாக்கும். 1936-இல் அலபாமா மாநிலத்தில் குத்தகை உழவர் குடும்பங்கள் மூன்றனோடு தங்கி, ஜேம்ஸ் ஏஜி எழுத வாக்கர் எவன்ஸ் படமெடுத்தார். 1941-இல் வெளிவந்த அவர்தம் நூலில் படங்கள் படக்குறிப்பே இன்றித் தலைப்புப் பக்கத்திற்கும் முன் வைக்கப்பெற்றன. உரையில் குடும்பத்தாரின் பெயர்கள் மாற்றப்பட்டன. இது திட்டமிட்ட பெயர் மறைப்பு. வறுமையை ஊரறியக் காட்டும் நாணத்திலிருந்து அவர்களைக் காக்கும் நோக்குடையது. மற்றொன்று, அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் டொரோத்தியா லாங்கு எடுத்த, நாடோடித் தொழிலாளித் தாயின் படம். லாங்கு அத்தாயின் பெயரைக் கேட்கவில்லை என்பதைப் பின்னாளில் தாமே எழுதினார். உணவுக்காக அக்குடும்பம் மகிழுந்தின் சக்கரப் பட்டைகளை விற்றுவிட்டது எனவும் நினைவுகூர்ந்தார். 1978-இல் அத்தாய் ஃபுளோரன்ஸ் தாம்சன் எனத் தெரிய வந்தது. உலகறிந்த அப்படத்தால் தமக்கு ஒரு பயனும் இல்லை என அவர் வருந்தினார். பட்டைகளை விற்ற கதை தவறு என்று அவர் மகன் மறுத்தார். படம் எடுத்தவரின் நினைவு, எடுக்கப்பெற்றவரின் நினைவோடு மோதிய அரிய தருணம் அது. நிழற்படக்காரர் பொய் கூறினார் என்பதன்று. பல்லாண்டுகள் கழித்து எழுதும் நினைவு, படத்தைச் சுற்றித் தானே ஒரு கதையைப் பின்னிக்கொள்ளும். மறுப்பதற்கு மறுபக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் அது வெளிப்படும். சத்யனின் நூலுக்கும் அதில் நினைவுகூரும் தொடக்கக்கால நிகழ்ச்சிகளுக்கும் இடையே அரை நூற்றாண்டு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியை வாசகர் கருத்தில் கொள்வது பொருத்தம்.

சத்யனின் படங்களில் துயரம் குறைவு என்பது மற்றொரு குற்றச்சாட்டு. 1943 வங்கப் பஞ்சத்தை எடுத்த சுனில் ஜானாவின் (1918–2012) படங்களுக்கு எதிரே வைத்தால், இவை மென்மையானவையாகத் தோன்றும். இவ்வொப்பீடு ஓரளவே செல்லும். பஞ்சம் ஒரு நிகழ்ச்சி, அன்றாடம் நிகழ்ச்சியன்று. பசித்த குழந்தையும் நாளின் பெரும்பகுதி விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது. அவ்விளையாட்டைக் காட்டுவது பசியை மறைப்பதாகாது. ஆனால் நலத்திட்ட அமைப்புகளின் பொருட்டு எடுத்தவற்றில், ஊசி போடுவதும் உணவளிப்பதும் நடைபெறும் நல்ல வேளையே மீண்டும் மீண்டும் வருதல் இயல்பு. சாதியால் பிரிந்த தெருவும் நீர்நிலையும் அத்தகைய படங்களில் தாமாகத் தோன்றமாட்டா. அவற்றைச் சொல்ல நினைவுரைக்கு வாய்ப்பிருந்தது. மென்னகையையே அது பெரிதும் நாடிற்று.

பெயர் தொலைந்தவர்க்குப் பெயரிட்டழைக்கும் ஒரு வழியையும் தமிழ் மரபு கண்டுள்ளது. இயற்பெயர் தெரியாத புலவர்களை அவர்தம் பாட்டின் உவமையாலோ தொடராலோ செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எனத் தொகுத்தோர் அழைத்தனர். பாட்டே பெயராயிற்று. நிழற்படத் தொகுப்புகளில் ‘சிலேட்டுடன் சிறுவன்’, ‘குடத்துடன் பெண்’ என வரும் குறிப்புகள் மேலோட்டத்தில் இவற்றை ஒப்பன. ஆனால் செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் அவர் படைத்ததிலிருந்து வந்தது. குடத்துடன் பெண் என்பது அவள்மீது பிறர் பார்வையிலிருந்து வந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று.

நாளிதழ் அலுவலகங்களிலும் குடும்பப் பெட்டிகளிலும் கிடந்த படங்கள் இன்று அருங்காட்சியகங்களுக்கும் கணினித் தொகுப்புகளுக்கும் சென்றுகொண்டிருக்கின்றன. இனி அடிக்குறிப்பு எழுதுவோர் தொகுப்பாளரே. பழைய குடும்பப் படங்களை அக்குடும்பத்தாரே கூறும் வரலாற்றோடு தொகுக்க மும்பையில் 2010-இல் தொடங்கிய இந்தியன் மெமரி பிராஜெக்ட், படத்தில் இருப்பவர் பக்கத்திலிருந்து சொல் வரக்கூடும் என்பதைக் காட்டியுள்ளது. அங்கு ஒரு படத்திற்கு உரை எழுதுபவர் அதில் உள்ளவரின் மகளாகவோ பெயரனாகவோ இருக்கிறார். படம் எடுத்தவர் பெயர்தான் அங்குத் தெரியாமற் போகிறது. சத்யனின் படங்களுக்கு நேர்ந்ததன் மறுதலை இது.

1979-இல் ஐக்கிய நாடுகள் தலைமையகத்துச் சுவரில் தொங்கிய படத்தில் ஆறு வயதுக் குழந்தையாக இருந்தவர் இன்று ஐம்பதைக் கடந்தவர். அவர்களுள் பலர் உயிரோடு இருத்தல் கூடும். படம் எடுத்த ஊரிலேயே இருத்தலும் கூடும். இடக்குறிகள் தெரியும் படங்களிலிருந்து தொடங்கினால் சிலரையேனும் கண்டறிதல் இயலாததன்று. அவ்வாறு கண்டவரிடம் அந்நாளைப் பற்றிக் கேட்டு, சத்யன் எழுதியதன் அருகே அதனையும் வைத்தல் வேண்டும். இரண்டும் முரண்பட்டால் முரணோடேயே வைக்கலாம். தம் பெயர் வேண்டா என்று அவர் கூறின், வேண்டா என்று அவரே கூறினார் என்பதைப் படக்குறிப்பில் எழுதிவிடலாம்.